இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள்? முதியோர் இல்லங்கள் மூன்றை ஒப்பிட்டுப் பார்த்தபோது

பெரியம்மாவுக்கு 83 வயது. இடுப்பெலும்பு முறிந்து திருகோணமலை வைத்தியசாலையில் மூன்று வாரம் இருந்தார். பிள்ளைகள் இருவரும் கனடாவில். துண்டு வெட்டி வைத்தியசாலையிலிருந்து அனுப்பிய அன்று அவரை உவர்மலை வீட்டுக்குக் கூட்டிச் செல்ல எங்களுக்குத் துணிவில்லை. அடுத்த இரண்டு மாதங்கள் உறவினர் வீட்டில் வைத்துக்கொண்டு, மாவட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயுமாகப் பல இல்லங்களின் படியேறினேன். மாகாண நிர்வாகத்தின் கீழுள்ளவை, சமய அமைப்புகளும் தரும நிதியங்களும் நடத்துபவை, பணம் கட்டித் தங்குபவை என்று மூன்று வகை. இல்லங்களின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம்.

முதல் இரண்டு இல்லங்களில் எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். சாப்பாடு எப்படி, மின்விசிறி உண்டா, மலசலகூடம் எவ்வளவு தூரம். மூன்றாவது இடத்தில் இருந்த மேற்றன் அம்மா என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, பகலில் வந்து பார்த்துவிட்டு எல்லோரும் நல்ல இடம் என்றுதான் சொல்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு இங்கே யார் விழித்திருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை." அதன்பிறகு நான் சென்ற ஒவ்வோர் இடத்திலும் முதலில் கேட்டது இரவுக் கடமைப் பட்டியலைத்தான்.

மாகாண இல்லத்திலிருந்து தொடங்குகிறேன். அனுமதிக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகத்தின் சிபாரிசு, வைத்திய அறிக்கை எனக் கடதாசி வேலை அதிகம். ஆனால் கையில் காசில்லை என்பதற்காக யாரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. நான் பார்த்த கட்டடம் உறுதியானது, முற்றத்தில் வேம்பு நின்றது, சமையலில் குறை சொல்ல முடியாது. குறை ஆட்களில்.

அங்கே சுவரில் தொங்கிய பட்டியலில் இரவு நேரத்துக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று பேனாவால் எழுதியது, மற்றது பென்சிலால். பென்சில் பெயருக்குரியவர் வெளிநாட்டில் இருந்தார். 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கம் வழி திறந்துவிட்டது. போனவரின் பதவி அவருடையதாகவே இருக்கும். ஆகவே ஆளணிக் கணக்கில் அது வெற்றிடம் அல்ல, ஆனால் கட்டிலின் அருகே ஆள் இல்லை. அதே காலத்தில் புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஓய்வுபெறும் வயது 60 ஆகக் குறைக்கப்பட்டதால் 2022 டிசெம்பர் முடிவில் நாடெங்கும் அனுபவசாலிகள் ஒரே நாளில் வீடு சென்றார்கள். வெற்றிடம் இப்படி மூன்று பக்கத்தாலும் உண்டானது. இதற்குக் கடமையில் இருப்பவரைக் குறைசொல்வது அநியாயம்.

கடமையில் இருந்த அந்த ஒருவரை நான் ஓர் இரவு பார்த்தேன். படுக்கையில் கிடப்பவர்கள் பத்துப் பேர். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைப் புரட்டி, ஈரம் மாற்றி, தலையணை வைக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். பத்துப் பேருக்கு நூறு நிமிடம். கடைசி ஆளை முடித்து நிமிர்ந்தால் முதல் ஆளின் நேரம் நெருங்கிவிடும். இடையில் யாராவது மலசலகூடத்தில் விழுந்தால் கணக்கு முழுவதும் சரியும். அவர் அந்த வேலையை ஓடி ஓடிச் செய்தார். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பாட்டி ஒருவர் "வதுர, வதுர" என்று முனகியபோது, இவர் "எனவா ஆச்சி" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்லித் தண்ணீர் கொண்டுபோனார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவரும் வாழும் இந்த மாவட்டத்தில் அதுவும் ஒரு தகைமை. முதுமையில் நினைவு மங்கும்போது பலருக்குத் தாய்மொழி மட்டுமே மிஞ்சுகிறது.

சமய இல்லத்தில் நுழைந்ததுமே மனம் இளகிவிடும். தரை பளபளத்தது. அருட்சகோதரி ஒருவர் தாத்தா ஒருவரின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அன்று யாரோ தகப்பனின் திவசத்துக்கு மதியச் சாப்பாடு கொடுத்திருந்தார்கள், பாயாசமும் இருந்தது. வருடத்தில் பல நாட்கள் இப்படிச் சாப்பாடு வந்துவிடுமாம். ஆனால் அப்பாவின் நினைவு நாளுக்கு ஓர் இரவுப் பராமரிப்பாளரின் சம்பளத்தைத் தருகிறேன் என்று எவரும் வருவதில்லை. அன்பளிப்பு சோற்றுக்கு வருகிறது, சம்பளத்துக்கு வருவதில்லை. பகலில் தொண்டர்களால் நிறைந்திருக்கும் மண்டபம் இரவில் வயதான சகோதரிகள் இருவரை நம்பியிருக்கிறது. அனுமதிப் படிவத்தின் அடியில் ஒரு வரியும் இருந்தது: தாமாக நடமாடக் கூடியவர்களுக்கு மட்டும். பெரியம்மா படுக்கையில் விழுந்தால் அடுத்த இடம் தேட வேண்டும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கள் பலத்துக்கு உட்பட்டதை நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பணம் கட்டும் இல்லத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கனடாவில் உள்ள பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருந்தது. தனியறை, வாரம் ஒரு வீடியோ அழைப்பு. வீடியோவில் முகம் தெரியும், முதுகு தெரியாது. அங்கே வேலை செய்த இளம் பெண்கள் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்றவர்கள், கைப்பக்குவம் உள்ளவர்கள். நான் பேசிய இருவருமே இஸ்ரேலுக்கோ ஜப்பானுக்கோ போவதற்காக மொழி படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போவது அவர்கள் உரிமை. பெரியம்மாவுக்கு வருடத்தில் எத்தனை புது முகங்கள் என்பதுதான் என் கவலை.

அடுத்தது மேற்பார்வை. முதியோருக்கென ஒரு சட்டம் இருக்கிறது: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2011இல் திருத்தப்பட்டது. இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பிரதேச செயலகங்களில் முதியோருக்கென உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் சமய இல்லத்தைக் கேள்வி கேட்பது அதன் நிர்வாக சபை, பணம் கட்டும் இல்லத்தைக் கேள்வி கேட்பது பணம் கட்டுபவர். மாகாண இல்லத்தைக் கேட்க வேண்டியவர்கள் மக்கள் தெரிவுசெய்த மாகாண சபை உறுப்பினர்கள். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடக்கிறது. மாகாணத் தலைமைச் செயலகம் நம் ஊரிலேயே இருந்தும், ஓர் இல்லத்தில் ஏன் இரவுக்கு ஒருவர்தான் என்று எழுந்து கேட்க ஆசனத்தில் ஆளில்லை. கணக்காய்வாளர் நாயகம் கணக்கைப் பார்ப்பார். படுக்கைப் புண் கணக்கில் வராது.

இங்கிலாந்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் உறவினர்கள் உண்டு. அங்கே உள்ளூராட்சி சபை நடத்தும் இல்லமானாலும் தனியார் இல்லமானாலும் 2009 முதல் ஒரே பராமரிப்புத் தர ஆணைக்குழுதான் சோதிக்கிறது, இப்போது நான்கு தரங்களில் ஒன்றையும் கொடுக்கிறது. 2015 முதல் அந்தத் தரத்தை மக்கள் கண்ணில் படும்படி காட்டியே ஆக வேண்டும். இது நமக்கும் வேண்டும், செலவும் அதிகமில்லை. ஆனால் அதே நாட்டில் 2021-22இல் பராமரிப்புத் துறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பணியிடம் காலியாக இருந்தது. 2022 பெப்ரவரியில் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு விசா திறந்தார்கள், 2025 ஜூலையில் மூடினார்கள். 2024இல் அந்த ஆணைக்குழுவையே ஆராய்ந்தபோது சில நிலையங்கள் வருடக்கணக்கில் மறுபடி சோதிக்கப்படவில்லை என்று தெரியவந்தது. சோதிப்பவர் குறையைச் சொல்ல முடியும், புரட்டிப் போடுவதற்கு இரண்டாவது ஆளை அவரால் தர முடியாது. இரண்டும் வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து நான் மாகாண இல்லத்தைத்தான் தெரிவுசெய்தேன். உறவினர்கள் பலருக்கு வருத்தம். "பிள்ளைகள் இருந்தும் அரசாங்க இல்லமா?" என்று சித்தி அழுதார். என் காரணம் இது: படுக்கையில் விழுந்தாலும் அவர்கள் வெளியே அனுப்பமாட்டார்கள், பணம் நின்றாலும் அனுப்பமாட்டார்கள். அங்குள்ள குறைக்கு ஒரு முகவரி உண்டு. அது பொதுப் பணத்தில் நடப்பது, ஆகவே அதைக் கேட்கும் உரிமை எனக்குச் சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால் தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்றே கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்: அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்று உண்மையில் கடமையில் இருப்போர் எத்தனை, சம்பளமற்ற விடுமுறையில் சென்றவர்களுக்குப் பதிலாக யார்.

கூடவே, அங்கு உறவினரை வைத்திருக்கும் ஆறு குடும்பங்கள் சேர்ந்து முறை போட்டு இரவு எட்டு மணிக்கு ஒருவர் போகிறோம். அந்த இல்லத்து மேற்றனின் சம்மதத்தோடுதான். கையில் குறிப்பேடு இருந்தாலும் குற்றம் கண்டுபிடிக்கப் போவதில்லை. பட்டியலைப் பார்ப்போம், கடமையில் இருப்பவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்போம், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். என் முறை வெள்ளிக்கிழமை.

சென்ற வெள்ளிக்கிழமை இரண்டாவது பெயரும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. மூதூரிலிருந்து வந்த ஒரு பெண், அமைய (தற்காலிக) அடிப்படையில், ஆறு மாதங்களுக்கு மட்டும். அந்த ஆறு மாதம் முடியும் திகதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்பு அடுத்த விண்ணப்பத்தை எழுத வேண்டும்.