ஆல்டஸ் அச்சகத்தின் கிரேக்க கேலன் (வெனிஸ், 1525): மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலனின் மருத்துவ நூல்களை ஏறக்குறைய முழுமையாகக் கிரேக்கத்திலேயே முதன்முதலில் அச்சேற்றியது வெனிஸின் ஆல்டஸ் அச்சகம். மொத்தம் ஐந்து பெரிய தொகுதிகள். அதுவரை புழங்கிய லத்தீன் கேலனில் பல நூல்கள் அரபி வழியாகச் சுற்றி வந்தவை. மூலத்தையே நேராகக் கையில் கொடுத்ததற்காக இந்தப் பதிப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்காராதீர்கள்.

இத்தாலிய மருத்துவர் ஓபிட்சோனியும், ஜான் கிளெமென்ட் முதலான ஆங்கிலேயர் சிலரும் பதிப்பு வேலையைப் பார்த்தார்கள். சுவடி சிதைந்திருந்த பல இடங்களில் சிதைவு அப்படியே அச்சாகிவிட்டது. இதிலிருந்து மூன்று சிறு நூல்களை 1526-இல் லத்தீனாக்கிய டச்சு அறிஞர் எராஸ்மஸ், பிழைகள் மலிந்திருப்பதாக நொந்துகொண்டார். அவர் சொன்னது நியாயமே.

மிக ஆபத்தான இடம் மருந்தளவு. கிரேக்கத்தில் எழுத்தே எண். எப்சிலான் 5, தீட்டா 9. பழைய பெரிய எழுத்தில் இரண்டுமே வளைவும் நடுவில் ஒரு கோடும்தான். எழுதுபவர் வளைவைக் கொஞ்சம் மூடிவிட்டால் 5 டிராக்மா (பழைய கிரேக்க எடை அளவு) 9 டிராக்மா ஆகிவிடும். முறிமருந்துகள் பற்றிய நூலில் கேலனே இந்த ஆபத்தைச் சொல்லி, அளவுகளைச் சொல்லாகவே எழுதிய முந்தைய மருத்துவர் மெனக்ரடீஸைப் புகழ்கிறார். இன்னொரு மருத்துவரான டமாக்ரடீஸின் மருந்துச் செய்யுள்களை அவர் விரும்பியதற்கும் காரணம் இதுதான்: எண் மாறினால் யாப்பு காட்டிக்கொடுத்துவிடும். எனவே உரைநடையில் உள்ள ஒவ்வொரு அளவையும், கேலனிடமிருந்து எடுத்தாண்ட பிற்கால மருத்துவர்களான ஒரிபாசியஸ், ஏட்டியஸ், ஈஜினாவின் பால் ஆகியோரிடம் ஒப்பிட்டுவிட்டே எழுதுங்கள்.

அச்செழுத்து அழகுதான், ஆனால் கூட்டெழுத்தும் சுருக்கக் குறிகளும் ஏராளம். பழகும்வரை வேகம் வராது.

பக்கத்தில் இரண்டு நூல்கள் வேண்டும். ஒன்று, ஃபூக்ஸ், கமராரியஸ், கெமுசேயஸ் மூவரும் பதிப்பித்த 1538 பாசல் நகரக் கிரேக்கப் பதிப்பு. மற்றது, சிகிச்சை முறை பற்றிய 14 புத்தகங்களுக்கு ஆங்கில மருத்துவர் தாமஸ் லினாக்கர் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு. அது 1519-லேயே பாரிஸில் வந்துவிட்டது. ஆல்டஸுக்கு முந்தியது என்பதால், இரண்டும் முரண்படும் இடத்தில் லினாக்கரின் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அவர் வேறொரு சுவடியில் நல்ல பாடத்தைப் பார்த்திருக்கலாம்.

உடற்கூற்றுச் செய்முறை நூலை எடுப்பவர்களுக்கு: கேலன் எழுதியது 15 புத்தகங்கள், கிரேக்கம் ஒன்பதாவதிலேயே நின்றுவிடுகிறது. ஆந்தர்நாக் ஊர்க்காரர் குயின்டர் 1531-இல் பாரிஸில் வெளியிட்ட லத்தீனிலும் அவ்வளவுதான். மீதி அரபியில் மட்டுமே பிழைத்திருக்கிறது.