ஈக்விலேப்: கையில ராஜா ராணி, கணக்குல உதைக்குது

முதல்லயே சொல்லிடறனுங்க, போக்கர்ல ஒரு கை நூத்துக்கு எத்தனை தடவை ஜெயிக்கும்னு கணக்குப் போடற ஈக்விலேப் மென்பொருளைப் பத்தின இந்த விமர்சனம் காசு வெச்சு ஆடறவங்களுக்கானது இல்லை. 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்கு அப்புறம் ஆன்லைன்ல காசு வெச்சு ஆடற போக்கருக்கு நாடு முழுக்கத் தடை. நாங்க ஈரோட்டு ஜவுளிக்காரங்க கொஞ்சப் பேர், செவ்வாய்க்கிழமை சந்தை ஏறக்கட்டின பொறகு ராத்திரி செல்போன்ல இலவச சிப்புல டோர்னமென்ட் ஆடறோம். முதல் மூணு இடத்துக்கு 50, 30, 20 பாயின்ட். கடைசில நிக்கறவன் எல்லாருக்கும் பள்ளிபாளையம் சிக்கன் வாங்கித் தரோணும். அதுக்கே அடிதடி ஆகுதுங்க.

ஈக்விலேப்பை இறக்கினதுக்குக் காரணம் ஒரே ஒரு கை. நாலு பேர் மிச்சம், மூணு பேருக்குத்தான் பாயின்ட். ஆளுக்கு 5,000 சிப், பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமாப் போடற சிப், 250-500. நான் பிக் பிளைண்ட், 500 போட்டவன். முன்னாடி ரெண்டு பேரும் ஃபோல்ட், சீட்டைக் கீழ வெச்சு விலகிட்டாங்க. ஸ்மால் பிளைண்ட்ல இருந்த பெருந்துறை மாப்ள ஆல்-இன், இருக்கற சிப் பூராவையும் தள்ளிட்டான். என் கையில இஸ்பேட் ராஜா, டைமன் ராணி. நான் ஃபோல்ட் பண்ணிட்டேன். மறுநாள் கடைக்கே வந்துட்டான்.

"ஏனுங் மாமா, ராஜா ராணியப் போய் எவனாச்சும் கீழ வெப்பானா?"

சிப்பை மட்டும் பார்த்தா அவன் சொல்றது சரிதானுங்க. இன்னும் 4,500 போட்டா 10,000 கிடைக்கும். 45 சதவீதம் ஜெயிக்கற கையா இருந்தாலே போதும். ஆனா டோர்னமென்ட்ல சிப்புக்கு நேரா பாயின்ட் ஏறாது. இதுக்குத்தான் ஐசிஎம்னு ஒரு கணக்கு. யார்கிட்ட மொத்த சிப்புல எவ்வளவு பங்கு இருக்கோ, அதுவே அவங்க முதலிடம் வர வாய்ப்பு. மிச்ச இடங்களையும் அதே மாதிரி பிரிச்சுட்டுப் போகும். இதை ஈக்விலேப் செய்யாது. ஹோல்டெம்ரிசோர்சஸ் தளத்துல இதுக்கு இலவசக் கால்குலேட்டர் இருக்குது. கையில போட்டாலும் அரை மணிக்கூறுதான் ஆகும்.

போட்டுப் பார்த்தா வர்றது இது. ஃபோல்ட் பண்ணி 4,500ஓட உக்காந்தா என் மதிப்பு 23.3 பாயின்ட். கால் பண்ணி, அதாவது அவன் போட்ட அளவுக்கு நானும் போட்டு, ஜெயிச்சா 38.3. தோத்தா சைபர். சிப் ரெட்டிப்பாச்சு, பாயின்ட் ஆகலை பாருங்க. ஜமக்காளத்துல முதல் லோடு போன விலைக்கு ரெண்டாவது லோடு போகாதுல்ல, அதேதான். 23.3ஐ 38.3ஆல வகுத்தா 61. அதாவது நூத்துக்கு 61 தடவை ஜெயிக்கற கையா இருந்தாத்தான் நஷ்டமில்லை. இன்னொரு வேடிக்கை, நாங்க ரெண்டு பேரும் மோதிக்கிட்டா சும்மா பார்த்துட்டு இருக்கற மத்த ரெண்டு பேருக்கும் 25ல இருந்து 30.8க்கு ஏறிடுது. சென்னிமலைக்காரர் அன்னிக்கு "கால் பண்ணுங், கால் பண்ணுங்"னு கத்துனதுக்கு அர்த்தம் இப்பத்தான் புரியுது.

சரி, ராஜா ராணி 61 தருமா? இங்கதான் ஈக்விலேப். ஒரு பக்கம் என் கையைப் போடலாம். எதிராளி பக்கம் 13க்கு 13 கட்டம் திறக்கும், ஆளுக்குக் கையில வர்ற ரெண்டு சீட்டோட 169 வகையும் அதுல இருக்கும். ஒவ்வொண்ணா அழுத்தலாம், இல்லைன்னா கீழ இருக்கற பட்டையை இழுத்தா மேல்மட்டக் கைகள் தானா நிறையும். மாப்ள எந்தச் சீட்டு வந்தாலும் தள்ளுவான்னு பட்டையைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். 61.4 வந்துது. மயிரிழைதான். பாதிக் கைகளோட தள்ளுவான்னு பட்டையை நடுவுல நிறுத்தினா 60க்கு நல்லாவே கீழ இறங்கிடுது. ஏஸ் இருக்கற கை பூராவும் என்னை முந்தறதுதான் காரணம். இதே ஜோடிப் பத்தா இருந்திருந்தா ரெண்டுலயுமே தாராளமா கால் அடிக்கலாம்.

மென்பொருளோட நல்லதும் குறையும் இந்த ஒரு பட்டைலயே இருக்குதுங்க. கணக்குல பிசகாது. ஆனா மாப்ள எப்படிப்பட்டவன்னு அதுக்குத் தெரியாது, நாமதான் சொல்லோணும். அவன் மில்லுல நூல் விலை பேசறப்பவே கையில எதுவுமில்லாம கூட்டிக் கேக்கற ஆள். இருந்தாலும் நாலு பேர் மிஞ்சினா கொஞ்சம் அடங்கிடுவான். கண்ணை மூடிட்டுத் தள்ளறவன் இல்லை. நான் 70 சதவீதத்துல நிறுத்தினேன், ஃபோல்ட்தான் வந்துது. 'அவனுக்கு எதுவும் கையிதான்'னு சென்னிமலைக்காரர் இன்னும் சாதிக்கறார். ரெண்டு பேரும் ஒரே மென்பொருளைத்தான் பார்க்கறோம்.

ஐசிஎம்முக்கும் சில விஷயம் கண்ணுல படாது. அடுத்து யாருக்குப் பிளைண்ட் வருது, யார் நல்ல ஆட்டக்காரர், இதெல்லாம் அதுல இல்லை. ஒருத்தர்கிட்ட ரெண்டு பிளைண்டுக்குத்தான் சிப் இருந்தா நாம காத்திருக்கலாம்னு வெறும் அனுபவத்துல முடிவு எடுக்கோணும்.

வசதியப் பத்தி ரெண்டு வார்த்தை. திரை பழைய காலத்து டேலி மாதிரி தெரியும், எல்லாம் இங்கிலீஷ். கடையில பில் போடற கம்ப்யூட்டர்லயே தாராளமா ஓடுது. எல்லாச் சீட்டையும் எண்ணி முழுக்கணக்கும் போடலாம், மான்டே கார்லோன்னு குத்துமதிப்பாவும் போடலாம். எதிராளி ஒருத்தர்தான்னா முழுக்கணக்கே வெச்சுக்குங்க, தசமப் புள்ளிக்கு சண்டை வர்ற எங்களை மாதிரி கும்பலுக்கு அதுதான் நல்லது.

ஆட்டம் நடக்கறப்ப திறக்கக்கூடாதுன்னு நாங்க கட்டுப்பாடு வெச்சிருக்கோம். முடிஞ்ச பொறகு, புதன்கிழமை டீ நேரத்துல மட்டும். ஆடத் தொடங்கி ஒரு மாசம்கூட ஆகாதவங்களுக்கு இது வேண்டாம், முதல்ல எந்தக் கை எதை வெல்லும்னு மனப்பாடம் ஆகட்டும். பபுள்ல, அதாவது பாயின்ட் கிடைக்கறதுக்கு ஒரு படி முன்னாடி, வந்து வந்து நாலாவதா வெளிய போறவங்க கண்டிப்பா இறக்கிக்குங்க. சென்னிமலைக்காரருக்கு நான் இன்னும் நிறுவித் தரலை, தரவும் மாட்டேன்.