கேமில் திரை கிழிகிறதா? மானிட்டர் டிரைவருக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்

போன மாதம் நான் 2,300 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) ஃப்ரீசிங்க் மானிட்டர் வாங்கினான். கார்டு படம் அனுப்பும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதுதான் ஃப்ரீசிங்க். கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660. கார் ரேஸில் வளைவு திரும்பினால் போதும், ஓரத்து விளக்குக் கம்பம் நடுவில் வெட்டுப்பட்டு மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்பாதி இன்னோரிடத்திலும் நிற்கும். சிபியூ, மானிட்டர் இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனோம்.

அங்கிருந்தவர் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "பாருங்கண்ணா, ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்னு காட்டுது. ஒரிஜினல் டிரைவரே இல்ல, அதான் கிழியுது" என்றார். டிரைவர் போட 800, அதைத் தானாக அப்டேட் செய்யும் சாஃப்ட்வேருக்கு வருஷத்துக்கு 1,500. வீட்டுக்கு வந்து ஓட்டினால் அதே கிழிசல். மறுபடி போனதும், "அப்ப கார்டு போயிடுச்சு, மாத்திடுங்க" என்றார்.

நல்லவேளை, மாற்றவில்லை. கூட வேலை செய்யும் நண்பர் வந்து பார்த்து அரை மணி நேரத்தில் சரிசெய்தார். 'ஜெனரிக்' என்று காட்டுவது கோளாறே இல்லையாம். மானிட்டர் டிரைவர் என்பது ஒரு சின்ன ஐஎன்எஃப் ஃபைல். மானிட்டரின் பெயர், அது ஏற்கும் ரெசல்யூஷன், கலர் புரொஃபைல், அவ்வளவுதான் அதில் இருக்கும். திரை கிழிவது வேறு காரணத்தால். மானிட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டிருக்கும்போதே கார்டு அடுத்த ஃபிரேமை, அதாவது அடுத்த படத்தை, அனுப்பிவிடுகிறது. மேலே பழைய படம், கீழே புதியது.

எங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது! விண்டோஸ் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 144 ஆக்கினார். மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் ஆஃபில் இருந்தது, ஆன் செய்தார். எச்டிஎம்ஐ-யைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டார். மானிட்டரோடு வந்த அந்த கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. பிறகு என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை (ஃப்ரீசிங்க் போன்ற என்விடியாவின் வசதி) ஆன் செய்து, அதிகபட்ச ஃபிரேம் ரேட்டை 144-ஐத் தாண்டாதபடி 141 என்று வைத்தார். கம்பம் முழுசாக நின்றது. 2019 ஜனவரியிலிருந்தே என்விடியா கார்டுகள் ஃப்ரீசிங்க் மானிட்டரோடு இப்படி வேலை செய்கின்றன. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

மானிட்டர் பழையது, ஃப்ரீசிங்க் வசதி இல்லை என்றால் வி-சிங்க் ஆன் செய்து பாருங்கள். மானிட்டர் ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை அடுத்ததை அது காத்திருக்க வைக்கும். மவுஸ் கொஞ்சம் மந்தமாகும், ஆனால் கிழியாது. கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால் செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கிழிசல் விழாது. அதைக் காட்டினால் ஒன்றுமே இல்லை என்பார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாது என்றுவிட்டார்கள். 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் கொடுக்கலாம் என்றால், என் கையில் இருப்பது பேனாவில் 800 + 1,500 என்று கிறுக்கிய துண்டுச்சீட்டு. கடைப் பெயர்கூட அதில் இல்லை.