செயின் செட் மாற்றுகிறீர்களா? பல்லை எண்ணிவிட்டுக் காசைக் கொடுங்கள்

திருகோணமலையில் பைக் ஓடுபவர்கள், முக்கியமாகக் கந்தளாய்ப் பக்கம் தினமும் போய் வருபவர்கள், இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்குப் போனது 14,500 ரூபாய். காசு போனால் போகட்டும், தம்பலகாமம் சந்திக்குக் கிட்ட எதிரே வந்த பஸ்ஸுக்குள் மனைவியோடு போகப் பார்த்தேன்.

வீடு உப்புவெளியில், வேலை கந்தளாயில். போக வர 90 கிலோமீற்றர் அளவில் வரும். வண்டி 150 சிசி. செயின் தளர்ந்து சத்தம் போடத் தொடங்கியதும் டவுனுக்குள் ஒரு கராஜில் செயின் செட்டை, அதாவது செயினையும் அது ஓடுகிற முன், பின் பல்சக்கரங்களையும், மாற்றக் கொடுத்தேன். பெயர் வேண்டாம்.

அங்கே இருந்த பையன் நல்ல வாய்க்காரன். "அண்ணன், நீங்க தூரம் ஓடுற ஆள். கம்பனி செட் எதுக்கு? முன்னுக்குப் 15, பின்னுக்கு 38 போட்டுத் தாறன். எண்பதில போனாலும் இன்ஜின் சத்தம் கேக்காது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் கூடக் கிடைக்கும்."

பத்துக் கிலோமீற்றர் என்றதும் நான் விழுந்துவிட்டேன். பெற்றோல் விற்கிற விலைக்கு யார்தான் விழமாட்டார்கள்?

அவன் சொன்ன கணக்கில் பொய் இல்லை. என் வண்டியில் முன் ஸ்ப்ரொக்கெட் (பல்சக்கரம்) 14 பல், பின்னது 40. பின்சில்லு ஒருமுறை சுற்ற முன்னது 2.86 தடவை சுற்ற வேண்டும். 15-38 என்றால் 2.53 தடவை போதும். முன்பு இன்ஜினுக்கு 6000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6000 சுற்று) தேவைப்பட்ட வேகத்துக்கு இப்போது 5320 போதும். அவன் சொல்லாமல் விட்டது என்னவென்றால், பல்லை மாற்றினால் இன்ஜினுக்குப் புதிதாகப் பலம் வராது. சுற்றைக் குறைத்தால் இழுவை குறையும். எந்தக் கியரிலும் சில்லுக்குப் போகிற இழுவையில் 11 வீதம் போய்விட்டது.

அது ஆடி மாதம். கச்சான் வீசுகிற காலம். கச்சான் என்றதும் கடலைச் சுருளை நினைக்க வேண்டாம், தென்மேற்கிலிருந்து வருகிற காற்றைச் சொல்கிறேன். கந்தளாய் போகும்போது அது நேரே முகத்தில் அடிக்கும். ஐந்தாவது கியரில் எழுபதுக்கு மேல் வண்டி ஏறவே இல்லை. முறுக்கி முறுக்கிக் கை நொந்ததுதான் மிச்சம். கடைசியில் வழி முழுக்க நாலாவது கியர். 42 கிடைத்துக்கொண்டிருந்த வண்டி லீற்றருக்கு 37க்கு இறங்கியது. மனைவியை ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் போனால் கிளச் மணந்தது. இதுவரைக்கும் அவன் பிழை பாதி, என் ஆசை பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது அப்படி இல்லை.

வண்டியை எடுத்த அன்றே ஒன்று கண்ணில் பட்டது. பின்சில்லு, செயினை இறுக்குகிற அட்ஜஸ்டரில் கடைசிக் கோட்டில் நின்றது. இன்னும் தேய்ந்து நீளாத புதுச் செயின் என்றால் முன்கோடுகளில் அல்லவா நிற்க வேண்டும்? கேட்டேன். "பின்னுக்குச் சின்னப் பல் போட்டா சில்லு பின்னுக்குத்தான் போகும் அண்ணன்" என்றான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். பழைய செயின் எங்கே என்றதற்கு, பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டான் என்றான்.

ஏழு கிழமை கழித்து ஒரு லொறியைத் தாண்டும்போது செயின் டக் டக் என்று பல் தாவியது. இன்ஜின் அலறுகிறது, வண்டி போகவில்லை, எதிரே பஸ். லொறிக்காரர் பிரேக் அடித்து இடம் விட்டதால் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

பிறகு உவர்மலையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் செயினை மண்ணெண்ணெயில் கழுவி, இழுத்துப் பிடித்து அளவு நாடாவை வைத்தார். "தம்பி, ஒரு கண்ணிக்கு 12.7 மில்லிமீற்றர். இருபது கண்ணிக்கு 254 வரவேணும். இது 261 காட்டுது. இது ஏழு கிழமைச் செயின் இல்லை." இரும்புக்காரன் கொண்டுபோனதாகச் சொன்ன என் பழைய செயின், கிறீஸ் பூசிக்கொண்டு என் வண்டியிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தேய்ந்த செயினில் ஓடியதால் புது ஸ்ப்ரொக்கெட்டின் பற்களும் கிளிச் சொண்டு மாதிரி வளைந்துவிட்டன.

சில்லு பின்னுக்குப் போகும் என்ற கதையையும் அவரிடம் கேட்டேன். சிரித்தார். முன்னும் பின்னும் கூட்டினால் 54 பல், இப்போது 53. ஒரு பல் குறைந்ததற்கு அச்சு நகர்வது மூன்று மில்லிமீற்றர் சொச்சம். கடைசிக் கோடு வரைக்கும் போகாது.

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் காசு கொடுத்து வாங்கியதையே பார்க்கவில்லை. இப்போது யார் செயின் செட் மாற்றினாலும் சொல்வது இதுதான்: வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பற்களை எண்ணி பில்லில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், பல் எண்ணிக்கையை மாற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால் ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். என் வண்டியில் முன்னுக்கு ஒரு பல் கூட்டுவது பின்னுக்குக் கிட்டத்தட்ட மூன்று பல் குறைத்த மாதிரி. அவன் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கை வைத்துவிட்டான்.

இப்போது திரும்பவும் 14-40. அதே கச்சானுக்குள் ஐந்தாவது கியரில் போகிறேன், லீற்றருக்கு 42 கிடைக்கிறது.

கராஜுக்குப் போய்க் கேட்டேன். "நீங்கதானே அண்ணன் ஸ்பீட் கேட்டீங்க" என்றான். செயினைக் காட்டினால், அது தான் போட்ட செயினே இல்லையாம். சரி என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். முதலில் பில்லைக் கேட்டார்கள். பர்ஸிலிருந்து எடுத்து விரித்தேன். "செயின் செட் 14,500" என்று மட்டும் இருந்தது. கடையின் பெயரே இல்லை.