ஹட்டன் ஞாயிறு மெய்யியல் வகுப்பு: புகையா, பனியா?

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு நடக்கிறது இந்த வகுப்பு. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம், மொத்தம் 2,500 ரூபா. சான்றிதழ் கிடையாது. உயர்தர வகுப்பின் அளவையியலும் (வாதங்களைச் சரிபார்க்கும் கலை) விஞ்ஞானமுறையும் பாடத்துக்கான டியூஷன் என்று நினைத்துப் பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டாம்; கடந்தகால வினாத்தாள் ஒன்றுகூட இங்கே செய்வதில்லை. விளம்பரத் தாளில் “மன அமைதிக்கு மெய்யியல்” என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பிப் போகிறவருக்குப் பணம் நட்டம். இரண்டாம் வாரத்துக்குள் இருக்கிற அமைதியும் போய்விடும். வகுப்பின் பெறுமதி வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் வாரம் முழுக்க ஒரே வேலைதான். ஒருவர் சொன்னதை எடுத்து, அவர் கடைசியில் எதை ஏற்கச் சொல்கிறார் என்று அடிக்கோடிட வேண்டும், அது முடிவு. அதற்கு முட்டுக்கொடுக்கும் வசனங்களுக்கு இலக்கம் போட வேண்டும், அவை எடுகூற்றுக்கள். பிறகு அவர் வாயால் சொல்லாமல் விட்ட எடுகூற்றை எழுத வேண்டும். இந்த மூன்றாவதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். “பையன் கொழும்பில கடையில நிக்கிறவன், அவனுக்குப் பொண்ணு குடுக்காதீங்க” என்பது பயிற்சித் தாளில் உள்ள ஓர் உதாரணம். சொல்லாமல் விட்டதை “கொழும்பில் கடையில் நிற்கிறவன் எவனும் நல்லவன் இல்லை” என்று எழுதினால், சொன்னவரை மடையராக்கி விடுகிறோம். “கொழும்பில் நிற்கிறவன் மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான், அப்படிப்பட்டவனைக் கட்டினால் பொண்ணு தனியாகக் கஷ்டப்படும்” என்று எழுதினால் அது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். எதிராளியின் வாதத்தை அதன் பலமான வடிவத்தில் எழுதிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பதை இங்கே விதியாகவே வைத்திருக்கிறார்கள். நல்ல விதி.

இரண்டாம் வாரம் சொற்கள். இது மலையகத்துக்கென்றே தைத்த சட்டை மாதிரி. “பேருக்கு முழுச் சம்பளம் உண்டு. இன்றைக்கு மலைக்குப் போனது இருபது பேர். ஆகவே இருபதுக்கும் முழுச் சம்பளம்.” கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. முதல் வசனத்தில் “பேர்” என்பது செக்ரோல் என்கிற தோட்டத்து வரவுப் பதிவேட்டில் விழுகிற நாள் கணக்கு, இரண்டாவதில் ஆள். கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்தவரும் இரண்டாவது கணக்கில் ஒரு பேர்தான். இரண்டு எடுகூற்றும் ஒரு முடிவும் கொண்ட வாதத்துக்கு நியாயத்தொடை என்று பெயர்; மூன்று பதம் இருக்க வேண்டிய அதில் நான்கு வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் நாற்பதப் போலி என்று மனப்பாடம் செய்தவர்கள்கூட இதைச் சம்பளச் சீட்டில் கண்டதில்லை.

அதே வாரத்தில் கடன் கணக்கும் வருகிறது. “மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி” என்றால், நூறு என்பது எந்த நூறு? ஒரு இலட்சம் ரூபாவைப் பன்னிரண்டு மாதத்தில் கட்டும்போது, முதல் எடுத்த தொகைக்கே கடைசிவரை மூன்று வீதம் போட்டால் வட்டி 36,000 ரூபா; தவணை ஏறக்குறைய 11,333 ரூபா. மாதா மாதம் குறைந்து வருகிற மீதிக்கு வட்டி என்று கணக்குப் பார்த்தால் இதே தவணை மாதம் ஐந்து வீதத்தைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் பெயர் “வட்டி வீதம்”தான். கையெழுத்துப் போடுமுன் “எதன்மேல்?” என்று ஒரு சொல் கேட்பதற்கு மெய்யியல் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கேட்காமல் போட்டவர்களின் லீசிங் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும்.

மூன்றாம் வாரத்துக்காகவே இந்த 2,500 ரூபாவைக் கொடுக்கலாம். கிரேக்க அளவையியலை ஓரமாக வைத்துவிட்டு மணிமேகலையின் 29ஆம் காதையை எடுக்கிறார்கள். காப்பியத்துக்கு நடுவில் முழுசாக ஓர் அளவையியல் பாடம் அங்கே கிடக்கிறது. தமிழ் படித்தவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். பக்கம் (நிறுவ வேண்டியது): இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏது (காரணம்): புகை இருப்பதால். திட்டாந்தம் (உதாரணம்): அடுக்களை போல. உபநயம் (பொருத்திக் காட்டுவது): இந்த மலையிலும் புகை இருக்கிறது. நிகமனம் (முடிவு): ஆகவே நெருப்பு இருக்கிறது. இதை எழுதிவிட்டு ஆசிரியர் யன்னலைத் திறந்துவிடுகிறார். எதிர்மலையில் வெள்ளையாக ஏதோ எழும்புகிறது. புகையா, மூடுபனியா? மழைக்காலத்தில் ஹட்டனில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பைத் துணிவதை அந்தக் காதை ஒரு குற்றமாகவே எண்ணி, அசித்தம், அதாவது ஏதுவே நிலைபெறாத குற்றம், என்ற வகையில் வைக்கிறது.

இதன் பயன் வரிசையில் இருக்கிறது. ஆதாரம் முதலில் ஆதாரம்தானா என்று பார்க்க வேண்டும். அது முடிவைத் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. நாம் பெரும்பாலும் இரண்டாவதில் சண்டை போட்டுக்கொண்டு முதலாவதை விட்டுவிடுகிறோம். வெளிநாட்டு வேலைக்கு “விசா வந்திட்டு” என்று ஏஜென்ட் ஒரு தாளைக் காட்டினால், அந்த வேலை நல்லதா, சம்பளம் காணுமா என்று வீட்டில் இரவிரவாகப் பேச்சு நடக்கும். தாள் விசாதானா, ஏஜென்ட் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்பது முதல் கேள்வி. அதைப் பணியகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நான்காம் வாரம் தொகுத்தறிதல், அதாவது இதுவரை கண்டதை வைத்துப் பொதுவாக முடிவு செய்வது. நேற்றுவரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்குத் தருக்கத்தில் உத்தரவாதம் இல்லை என்று 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் எழுப்பிய சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நேரே மண்சரிவுக்கு வருகிறார்கள். “முப்பது வருசமா இந்த லயத்தில இருக்கோம், ஒண்ணும் ஆகல.” மண்சரிவு லயங்களை மூடிய மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலைவரை இந்த வசனம் பிழையில்லாத வசனம்தான். முப்பது வருட அனுபவம் சாதாரண மழையைப் பற்றிய சாட்சி. சாதாரணமில்லாத மழையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மழை அளவுகளைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 விழுந்தாலோ வெளியேற வேண்டும். “போன தடவை போய்ப் பள்ளிக்கூடத்தில படுத்தோம், சும்மா அலைச்சல்” என்பதற்குத் தருகிற பதில் சுருக்கமானது. சரியாத மலைக்குப் பயந்து போனால் ஒரு இரவுத் தூக்கம் நட்டம். சரிகிற மலையில் இருந்தால் என்ன நட்டம் என்று எழுதிப் பாருங்கள். இரண்டு பிழையும் ஒரே எடை இல்லை.

ஐந்தாம் வாரம் போலிகள், அதாவது சரிபோலத் தோன்றும் பிழையான வாதங்கள். இங்கே எச்சரிக்கை தேவை. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததை உதாரணமாக எடுக்கிறார்கள். “சம்பளம் கூடினால் தோட்டம் நட்டப்படும். தோட்டம் நட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சம்பளம்தான் காரணம்.” வலிதற்ற வாதம், எடுகூற்றுக்களிலிருந்து முடிவு வராது; நட்டத்துக்கு வேறு பாதைகளும் உண்டு. அதே வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதித் தடை வந்தது. கிழட்டுத் தேயிலை, மழை, ஏல விலை எல்லாம் இருக்கின்றன. இதுவரை சரி. ஆனால் வகுப்பில் உடனே எழும் உற்சாகம், “அப்ப சம்பளம் கூட்டினா நட்டமே வராது!” என்று போய் நிற்கிறது. ஒரு வாதம் பிழை என்பதால் அதன் முடிவு பொய் ஆகிவிடாது. இந்த ஒரு வசனத்துக்கு ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம் மட்டுமே. போலிகளின் பெயர் கற்றவர்கள் வீட்டில் மாமியாரையும் சங்கக் கூட்டத்தில் தலைவரையும் “போலி, போலி” என்று மடக்கப் புறப்படுவது இந்தக் குறையால்தான்.

கேட்கும் முறைக்கு மட்டும் ஒரு நல்ல குறிப்பு கொடுக்கிறார்கள். பெரியவர்களிடம் “ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்றால் எதிர்த்துப் பேசுகிறதாகத்தான் படும். “எதை வச்சு அப்படிச் சொல்றீங்க, பெரியப்பா?” என்றால் அவரே உட்கார்ந்து விளக்குவார். கேள்வி அதேதான்.

ஆறாம் வாரம் ஒழுக்கவியல், அவசர அவசரமாக. கடமையை வைத்துப் பார்த்த கான்ட், விளைவை வைத்துப் பார்த்த மில் இருவரையும் ஒரே பின்னேரத்தில் ஓட்டுகிறார்கள். சுகமில்லாத அம்மாவைப் பார்ப்பதா, வெளிநாடு போய்க் கடன் அடைப்பதா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நேரம் இல்லை. குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். ஆதி பௌத்தத்தின் அறிவாராய்ச்சி பற்றி 1963இல் நூல் எழுதிய கே. என். ஜயதிலக, கண்டி பஸ் போகிற வழியில் இருக்கிற பேராதனையில்தான் மெய்யியல் கற்பித்தார். அவர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. கலைச்சொல்லும் குழப்பம்: ஒரு தாளில் அளவையியல், அடுத்த தாளில் தருக்கம், ஓரிடத்தில் எடுகூற்று, இன்னோரிடத்தில் முன்கூற்று. இந்தியப் புத்தகத்தையும் இலங்கைப் பாடத்திட்டத்தையும் ஒட்டவைத்ததன் பலன். முதல் நாளே ஒரு கொப்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டால் சமாளிக்கலாம்.

இடையில் சேர வேண்டாம். முதல் இரண்டு வாரத்தைத் தவறவிட்டவருக்கு மூன்றாவது பிடிபடாது. யன்னலோரத்தில் இருந்தால் குளிரும், ஆனால் மூன்றாம் வாரம் அங்கேதான் இருக்க வேண்டும். போட்டோகொப்பிகள் மங்கல். மணிமேகலைப் பக்கத்தில் ஆவி, பனி என்று வருகிற வரி மடிப்பில் விழுந்து வெள்ளையாகிவிட்டிருக்கிறது. பலகையில் எழுதும்போதே கையால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.