வெளிநாட்டில் பாடப் போவது: சங்கம் அழைப்பதா, இணைய இசை நண்பர்கள் அழைப்பதா?

கொழும்பில் இருந்துகொண்டு சொந்தமாகப் பாட்டெழுதி, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து வெளியிடும் தமிழ்ப் பாடகர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு சுற்றுப் பாடிவிட்டு வரவேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. அதற்கு நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, புலம்பெயர்ந்த நம்மவர்களின் ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோவில் திருவிழா. மற்றது, இணையத்தில் கூடும் சுயாதீன இசைக்காரர்களின் வட்டம். பாடகர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பாண்ட்கேம்ப் தளத்தில் உங்கள் பாட்டை வாங்கியவர், டிஸ்கோர்ட் அரட்டைக் குழுவில் இரவிரவாக ஒலிக்கலவை பற்றிக் கதைத்தவர், லைப்சிக்கிலோ லீட்ஸிலோ முப்பது பேர் இருக்கக்கூடிய சிறிய அரங்கு ஒன்றை நடத்துபவர், இப்படியானவர்கள்.

சொந்தப் பாட்டை நம்பி முதல் தடவை போகிறவர் இரண்டாவது வழியில்தான் போகவேண்டும் என்பது என் முடிவு. காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் முதல் வழிதான் வெல்லும். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சங்கம் அழைத்தால் விமான ரிக்கெட் அவர்களுடையது. விமான நிலையத்துக்கு யாராவது காருடன் வந்து நிற்பார்கள். தங்க ஒரு வீடு, மூன்று வேளையும் சோறு, முடிவில் கையில் ஒரு தொகை. ஸ்காபரோ, ஹரோ, பரிஸ் லாஷப்பல், ஒஸ்லோ என்று எங்கு போனாலும் தமிழிலேயே கதைத்துச் சமாளிக்கலாம். கோடையில் கோவில் திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும். ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்கு மற்ற நாடுகளில் இருந்தெல்லாம் சனம் வரும். அந்த நேரத்தில் ஒரு மேடை கிடைத்தால் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நிற்கலாம்.

மேடையில் நடப்பது வேறு. நோட்டீசில் ஆறு மணி என்று இருக்கும். எட்டு மணிவரை வரவேற்பு நடனம், தலைவர் உரை, பரிசளிப்பு. உங்கள் முறை வரும்போது மண்டபத்தின் பின்பக்கத்தில் ரோல்ஸும் கொத்துரொட்டியும் பரிமாறத் தொடங்கியிருப்பார்கள். பக்கவாத்தியம் அந்த ஊர் இசைக்குழுதான். நல்ல கைகள், ஆனால் உங்கள் பாட்டை அன்று பின்னேரம்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். இரண்டாவது பாட்டு முடிய மேடையோரமாக ஒரு துண்டுக் கடதாசி வரும்: “தம்பி, அம்மாவுக்கு இன்றைக்கு அறுபது. ஒரு இளையராஜா பாட்டு படிப்பீங்களோ?” கேட்டவரில் குறை சொல்ல முடியாது. வாரம் முழுக்க வேலைசெய்துவிட்டு, தெரிந்த பாட்டுக் கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார். நீங்கள் பாடுவீர்கள், மண்டபம் எழுந்து கைதட்டும், அதுவும் ஒரு சந்தோசம்தான். ஆனால் நீங்கள் எழுதிய வரியில் ஒன்றாவது ஒருவர் மனதில் ஏறியிருக்காது. அடுத்த வருடம் அவர்கள் அழைக்கப்போவதும் இளையராஜா பாட்டைப் பாடிய தம்பியைத்தான்.

மெல்லிசையும் பக்திப்பாட்டும் பாடுகிறவருக்கு இந்த வழியில் ஒரு குறையும் இல்லை. தயங்காமல் போகலாம், பேசிய தொகையை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணைய வட்டத்தில் வரும் அழைப்பு அளவில் சிறியது. ஒரு வீட்டின் முன்னறை, ஒரு புத்தகக்கடை, மூடிய தொழிற்சாலையில் ஓர் அறை. 2009இல் லண்டனில் தொடங்கிய சோஃபார் சவுண்ட்ஸ் போன்றவை வரவேற்பறைக் கச்சேரியை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டதால் இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடிப்பது முன்பு போல் கடினமில்லை. பாடும்போது யாரும் கதைக்கமாட்டார்கள். தமிழ் விளங்காத முப்பது பேர் உங்கள் மூச்சு எங்கே நிற்கிறது என்பதுவரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் வீட்டுக்காரர் ஒரு தொப்பியோடு சுற்றி வருவார். ஆளுக்குப் பத்து யூரோ போட்டால் முந்நூறு. ஐந்து போட்டால் நூற்றைம்பது. அதோடு நீங்கள் கொண்டுபோன சீடி, கசற், ரீசேட் விற்கும். ரிக்கெட் காசை இது ஈடுசெய்யாது. அடுத்தடுத்து ஆறேழு இரவுகள், ஒரே நாட்டில், ரயிலில் மூன்று மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய ஊர்களில் அமைந்தால் மட்டும் கையைக் கடிக்காது.

காசைவிட முக்கியமான வரவு ஒன்று இருக்கிறது. அந்த முப்பது பேரில் ஒருவர் அடுத்த ஊரில் இன்னொரு அறையை நடத்துபவராக இருப்பார். இன்னொருவர் வானொலியில் இருப்பார். அவர்கள் திரும்ப அழைப்பது உங்கள் பாட்டுக்காக.

ஆனால் இந்த வட்டத்தில் கேட்டவுடன் இடம் கிடைக்காது. முதலில் கொடுக்கவேண்டும். சென்னையில் வாசித்துவிட்டு இந்தப் பக்கம் வரும் ஒரு கிற்றார்காரர், அறுகம்பே போகிற வழியில் கொழும்பில் இரண்டு நாள் நிற்கும் ஒரு பாடகி, இப்படி யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் உங்கள் வீட்டு அறையைக் கொடுங்கள், காலையில் தோசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், தெரிந்த ஒரு கஃபேயில் இருவருமாகச் சேர்ந்து பாட ஓர் இரவு ஒழுங்குசெய்யுங்கள். நாளைக்கு அவருடைய ஊரில் உங்களுக்காக அலைகிறவர் அவராகத்தான் இருப்பார். இந்த உழைப்பைப் போடாமல் நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பி மறுமொழி பார்த்திருப்பதில் பயனில்லை.

எல்லாம் சரிவந்த பிறகு இலங்கைக் கடவுச்சீட்டு குறுக்கே வரும். இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வெளிப்படுவது இங்கேதான்: விசாவுக்குக் காட்டும் அழைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது யார்?

பிரித்தானியாவின் விதி இதில் மிகத் தெளிவு. சாதாரண வருகையாளர் விசாவிலேயே காசு வாங்கிப் பாடலாம். ஆனால் அழைப்பவர் அங்கே இயங்கும் கலை நிறுவனமாகவோ, முகவராகவோ, ஒலிபரப்பாளராகவோ இருக்கவேண்டும். நிகழ்ச்சிகளைப் புறப்பட முன்னரே ஒழுங்குசெய்து விசா விண்ணப்பத்தில் காட்டவேண்டும். போய் இறங்கி 30 நாளுக்குள் பாடி முடிக்கவேண்டும். கலையோடு சம்பந்தமில்லாத ஒரு பழைய மாணவர் சங்கத்தின் கடிதம் இதற்கு வலுவானதல்ல. உங்கள் இசை நண்பர் தனி ஆளாக எழுதும் கடிதமும் அப்படித்தான். அவருக்குத் தெரிந்த அரங்கின் பெயரில் கடிதம் வரவேண்டும்.

கனடாவில் குறுகிய கால நிகழ்ச்சிக்கு வரும் கலைஞருக்குப் பெரும்பாலும் வேலை அனுமதி தேவையில்லை, வருகை விசா போதும். மதுக்கடையிலும் உணவகத்திலும் பாடுவதற்கு அந்தச் சலுகை கிடையாது. இணைய வட்டம் ஒழுங்குசெய்யும் இரவுகளில் பாதி இப்படியான இடங்கள்தான் என்பதால் அங்கே மண்டபமும் விழா மேடையும் பாதுகாப்பானவை. வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணத்தில் 15 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள் என்பதையும் தொகை பேசும்போதே கணக்கில் எடுங்கள். அமெரிக்காவை முதல் பயணத்துக்கு யோசிக்கவே வேண்டாம். வருகை விசாவில் காசுக்குப் பாட முடியாது. அங்கிருந்து ஒருவர் முன்கூட்டியே மனுப்போட வேண்டும்.

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. மூன்று பேர் போனால் 270, விண்ணப்ப நிலையத்தின் கட்டணம் வேறு, மறுத்தால் திரும்பக் கிடையாது. 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்புறுதி வேண்டும். அதிக நாள் நிற்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்கவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னர் தொடங்கி விண்ணப்பம் கொடுக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்கவேண்டும். கொழும்பில் நாள் குறிக்கவே நேரம் எடுக்கும் என்பதால் மூன்று மாதத்துக்குக் குறைய வேண்டாம். விசா ஒன்றானாலும் காசு வாங்கிப் பாடுவதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜேர்மனியில் ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோ வரை வெளிநாட்டுக் கலைஞரிடம் வரி பிடிப்பதில்லை. அதற்கு மேல் போனால் 15 சதவீதமும் ஒரு சிறு மேல்வரியும். சின்ன அறைகளில் பாடுகிறவருக்கு இது உண்மையிலேயே உதவி. சிங்கப்பூருக்கு இலங்கையருக்கு விசா இல்லை என்பதற்காகக் காசு வாங்கிப் பாடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு அனுமதி.

கடிதம் நிறுவனத்தின் தலைப்புத் தாளில், பதிவு இலக்கத்தோடு இருக்கவேண்டும். எந்த நாள், எந்த மண்டபம், எவ்வளவு தொகை, தங்குவது எங்கே, ரிக்கெட் யார் பொறுப்பு, தொலைபேசியில் கூப்பிட்டால் மறுமொழி சொல்பவர் யார், இவ்வளவும் அதில் வேண்டும். உங்கள் வங்கிக் கூற்றும் வேலைக் கடிதமும் அதோடு பொருந்தவேண்டும்.

விழாக்கள், கலாசார நிலையங்கள் என்ற மூன்றாவது வழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. மலேசியாவின் சரவாக்கில் 1998 முதல் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழா போன்றவற்றின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம், ஆனால் போட்டியும் அதிகம். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

நான் சொல்வது இரண்டு வழியையும் ஒரே பயணத்தில் பின்னுவதைத்தான். முதுகெலும்பு இசை நண்பர்கள் ஒழுங்குசெய்யும் இரவுகள். நம்மவர்களிடம் கேட்கவேண்டியது மேடையைவிட வேறு உதவி. மிருதங்கத்தை விமானத்தில் ஏற்றுவது எவ்வளவு பாடு என்று வாசிப்பவரைக் கேளுங்கள்: கைப்பையில் போகாது, பொதியில் போட்டால் தோல் மூட்டு என்ன ஆகுமோ என்று இறங்கும்வரை நெஞ்சு படபடக்கும். ஐரோப்பாவில் தமிழர் இருக்கும் நகரங்களில் மிருதங்க ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடிக்கலாம். ஒழுங்காகக் கேட்டால் இரண்டு நாளைக்கு வாத்தியம் தருவார், மாணவர்களையும் கச்சேரிக்குக் கூட்டி வருவார். அப்போது அந்த முப்பது பேரில் பத்துப் பேருக்கு உங்கள் வரிகள் விளங்கும்.

அடுத்த கோடையில் போக நினைக்கிறவர் இந்த மார்கழிக்குள் ஒரு நாட்டைத் தெரிவுசெய்து, அங்கே பதிவுசெய்த ஓர் அரங்கிடம் ஒரு சனிக்கிழமையை உறுதிசெய்துகொள்ளட்டும். மற்ற இரவுகளை அந்தச் சனிக்கிழமையின் இரு பக்கமும் தை, மாசியில் கோக்கலாம். கடிதம் பங்குனிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும்.