கருமுட்டையா, சினைப்பைத் திசுவா?

கோபியிலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் வந்தபோது என் மடியில் ஐஸ் டப்பா. உள்ளே அக்கா மகளின் ஹார்மோன் ஊசிகள். மார்பகப் புற்றுநோய். கீமோ மருந்து சினைப்பையைப் பாதித்து, பின்னாளில் குழந்தை பெறும் வாய்ப்பைக் குறைக்கலாம். கீமோவுக்கு முன் இரண்டு வாரம் அவகாசம் இருந்தது, அதனால் கருமுட்டையை உறைய வைத்தோம். முட்டைகள் வளர 10 முதல் 14 நாள் ஊசி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரொம்ப ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் உண்டு. பிறகு மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இது தோதுப்படும்.

இன்னொரு வழி, முட்டைகள் இருக்கும் சினைப்பையின் திசுவையே எடுத்து உறைய வைப்பது. இதற்கு ஊசி வேண்டாம். வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோபியில் எடுத்துவிட்டு, சில நாளில் கீமோ தொடங்கலாம். வயதுக்கு வராத சிறுமிக்கு இதுதான் வழி. ரத்தப் புற்றுநோய் என்றால் மட்டும் எனக்குப் பயம்: திசுவைத் திரும்பப் பொருத்தும்போது புற்றுச் செல்லும் கூடவே வரலாம்.

அவகாசம் இருந்தால் முட்டைதான் என்பேன். "கீமோ தேதி குறிக்கறதுக்கு முன்னாலயே டாக்டர்கிட்ட கேட்டுப்போடு அம்மிணி" என்று அக்காதான் அவளை அனுப்பினாள்.